இரண்டு கல்லூரிகள், இருபது ரிப்ளை கார்டுகள்

1. பத்திரத்தோடு வந்தவர்

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் லேபில் நான் கெமிஸ்டாகச் சேர்ந்து இரண்டாவது வருடம். தனியார் பாலிடெக்னிக்குகள் புதிதாக வந்துகொண்டிருந்த எண்பதுகள். பேக்கிங் பிளாண்டில் வேலை செய்த கோவிந்தன் ஒரு மத்தியானம் லேபுக்குள் வந்தார். கையில் கீழப்பழுவூரில் அவருக்கிருந்த ஒரே ஏக்கரின் பத்திரம்.

"எம் பொண்ணு மலர்க்கொடிக்குக் காலேஜ் சீட்டு சொல்லிட்டேங்க. டொனேஷன் பதினஞ்சாயிரம், மாசக் கடைசிக்குள்ள கட்டணும். இந்த ஃபாரத்த இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க."

"பத்திரம் எதுக்குண்ணே?"

"அடமானம். ரெண்டு வட்டி."

"கட்டுற பணத்துக்கு ரசீது?"

"அதுக்கு ஏதுங்க ரசீது? மேஸ்திரிக்குப் பணம் கட்டித்தான நான் பர்மனென்ட் ஆனேன். அவன் ரசீதா குடுத்தான்? வேலை குடுத்தான்ல!"

டொனேஷனை அவர் வேலைக்கான முன்பணம் என்று நினைத்திருந்தார். ஆலையில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். நான் ஃபாரத்தை எழுதவில்லை. இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

2. சாம்பிள்

சுண்ணாம்புக்கல் லாரி வந்தால் மேலே கிடக்கும் வெள்ளைக் கல்லை எடுத்து டெஸ்ட் பண்ணக் கூடாது. பல இடங்களில் எடுத்துக் கலந்துதான் பார்க்க வேண்டும். கோவிந்தன் காட்டிய அந்தக் கல்லூரியின் விளம்பரப் புத்தகத்திலோ துபாய் போன ஒரே ஒரு பையனின் படம்தான் இருந்தது.

எங்கள் அப்ரண்டிஸ்களிடம் அவர்களோடு படித்தவர்களின் பெயர்களை வாங்கினேன். அந்தப் புதுக் கல்லூரிக்குப் பத்துப் பேர். திருச்சிப் பக்கம், தகரக் கூரை வொர்க்‌ஷாப் உள்ள, டொனேஷன் வாங்காத ஒரு கல்லூரிக்குப் பத்துப் பேர். பட்டியலில் ஒவ்வொரு மூன்றாவது பெயரையும் எடுத்தேன்; ஆள் பார்த்துப் பொறுக்கவில்லை. மொத்தம் எவ்வளவு செலவானது, இப்போது வேலை உண்டா, சம்பளம் என்ன என்று கேட்டு, பதில் எழுத இன்னொரு கார்டு ஒட்டியே வரும் ரிப்ளை கார்டு இருபது போட்டேன். வந்த பதில்களின் கணக்கு இது.

புதுக் கல்லூரி: டொனேஷனோடு மொத்தச் செலவு இருபதாயிரம். வேலையில் இருப்பவர் மூவர். மாதச் சம்பளம் முன்னூற்றைம்பது.

தகரக் கூரை: செலவு ஐயாயிரத்துக்குள். வேலையில் ஆறு பேர். சம்பளம் ஐந்நூறை ஒட்டி.

பதில் போடாதவர்களுக்குத் தனிப் பத்தி.

கடைசி வரி: இருபதாயிரம் கடனுக்கு மாத வட்டி நானூறு.

கிராப் ஷீட்டில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

3. மேனேஜர்

எங்கள் ஆலை மேனேஜரின் மைத்துனர் புதுக் கல்லூரியின் கமிட்டியில் இருந்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கல்ல டெஸ்ட் பண்ணச் சொன்னா காலேஜ டெஸ்ட் பண்றியா? கிழிச்சுப் போடு."

"எந்த நம்பர் தப்புன்னு சொல்லுங்க சார், இப்பவே திருத்திடறேன்."

"நம்பர் கெடக்கட்டும். போர்டு கம்பெனியோடது."

அது நியாயம்தான். எடுத்துவிட்டேன். கார்பன் வைத்து ஆறு காப்பி எழுதி ஆட்களிடம் கொடுத்தேன். மறுநாளே என்னைக் குவாரியில் சாம்பிள் எடுக்கப் போட்டார்கள், வெயிலில். குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

4. கேன்டீன் கூட்டம்

மாதக் கடைசியில் கல்லூரிக்காரர் ஒருவர் காரில் வந்தார். கேன்டீனில் கூட்டம் போட்டு எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். கோவிந்தன் மகளோடு முன்வரிசையில் இருந்தார். மடியில் நான் எழுதிக் கொடுத்த கார்பன் நகல்.

"போன வருசம் படிச்சு முடிச்சவங்க எல்லாரு பேரும் குடுங்க சார், நாங்களே கேட்டுக்கறோம்" என்றார்.

வந்தவர் சிரித்தார். "என்னய்யா நீ! ஒம் பொண்ணு ஃபேன் காத்துல ஒக்காந்து வேலை பாக்கணுமா, களையெடுக்கப் போகணுமா?"

மலர்க்கொடி எழுந்தாள். "களையெடுத்தா சாயந்தரமே கூலி குடுத்துடுவாங்க சார். ஒங்ககிட்டப் படிச்சவங்களுக்கு என்ன கூலி? அதச் சொல்லுங்க."

கேன்டீனே சிரித்தது. வந்தவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் லட்டைப் பார்த்தார். அன்று ஒருவரும் பணம் கட்டவில்லை.

மலர்க்கொடி தகரக் கூரைக் கல்லூரியில் சேர்ந்தாள். நிலம் அடமானத்துக்குப் போகவில்லை. நான் எட்டு மாதம் குவாரியில் இருந்தேன்; அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

வேலைக்கு வரும் தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். எவ்வளவு கட்ட வேண்டும் என்று எந்தக் கல்லூரியும் கேட்காமலே சொல்லும். படித்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால்தான் முகம் மாறும். உங்களை எழுந்து போகச் சொல்வார்கள். போகாதீர்கள். பதில் வருகிற வரைக்கும் அங்கேயே உட்காருங்கள்.