தடுப்பூசிச் சான்றிதழ் தேடி, பெரும்பாக்கம் வழியாகக் கப்பலுக்கு

போன வாரம் நானும் என் மனைவி சுகுணாவும் கப்பலில் போய்விட்டு வந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி, நடுக்கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஞாயிறு காலை அங்கேயே கொண்டுவந்து இறக்கிவிடும் இரண்டு இரவுப் பயணம். கப்பலில் என்ன சாப்பாடு, என்ன ஆட்டம்பாட்டம் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த 2022-இல், கொரோனா இன்னும் முழுசாக விட்டுப்போகாத நேரத்தில், ஏறுவதற்கு முன்னால் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்று எழுதத்தான் ஆளில்லை. நான் பட்டேன், எழுதுகிறேன்.

எனக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன லேத் பட்டறை. வீடு அபிராமபுரம். சுகுணா நர்ஸ். தடுப்பூசி முகாம் தொடங்கிய நாளிலிருந்து அடையாறு, மயிலாப்பூர், ஆற்றோரக் குடியிருப்புகள் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஊசி போட்டவள். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. இந்தக் கோடையில் ஒருநாள் அடையாறு சிக்னலில் பேருந்து நின்றபோது கப்பல் விளம்பரத்தைப் பார்த்து, "இதுல ஏறிட்டா போன் அடிக்காதுல்ல?" என்று கேட்டாள். மறுநாளே பதிவு செய்துவிட்டேன். இரண்டு பேருக்கும் வரியோடு ரூ.44,000. கேட்டதும் என்னைத் திட்டித் தீர்த்தாள். அதே வாரம் தி.நகரில் போய் இரண்டு சுடிதாருக்குத் துணியும் எடுத்து வந்தாள்.

டிக்கெட்டோடு வந்த விதிகள் மூன்று. இரண்டு டோஸ் போட்டதற்கான சான்றிதழ். ஏறுவதற்கு 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் தொற்று இல்லை என்ற முடிவு. புகைப்பட அடையாள அட்டை. இதில் ஒன்று குறைந்தாலும் ஏற முடியாது, பணமும் திரும்ப வராது. நமக்கென்ன, வீட்டிலேயே ஊசிக்காரி இருக்கிறாள் என்று நான் காலாட்டிக்கொண்டு இருந்தேன்.

முந்தைய சனிக்கிழமை மாலை மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சான்றிதழ்களைப் பிரிண்ட் எடுக்கப் போனேன். ஒரு தாளுக்குப் பத்து ரூபாய். என்னுடையது வந்தது. சுகுணாவுடையதைக் கடைக்காரர் இரண்டு முறை பார்த்தார்.

"சார், மேடத்துக்கு ஒரு டோஸ்தான் காட்டுது."

"ஊருக்கே ஊசி போட்டவங்க அவங்க."

"போட்டிருப்பாங்க சார். கம்ப்யூட்டர்ல இல்லியே."

வீட்டுக்கு வந்து கேட்டால், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். விஷயம் இதுதான். மருந்துக் குப்பியைத் திறந்தால் பத்துப் பேருக்கு வரும், நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். முன்களப் பணியாளர் என்று முதல் டோஸை ஆரம்பத்திலேயே போட்டுக்கொண்டவள், இரண்டாவதுக்கு நாள் வந்தும் வரிசையில் நிற்கிறவர்களுக்கு முதலில் ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் திறந்த குப்பிக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

"பத்தாவது குப்பைக்குப் போவுதேன்னு நான் கைய நீட்டுனேன்யா. கூட இருந்த நர்ஸ் போட்டுச்சு. என் போன் காலைலேர்ந்து கண்டவங்களுக்கும் ஓ.டி.பி. வாங்கி வாங்கி செத்துப்போச்சு. கடைசியா நின்ன மீன்கார பேபி நம்பரைக் குடுத்தேன். அவசரத்துல புது ஆளா பதிஞ்சிட்டாங்க போலகீது."

ஆக, அவளுடைய இரண்டாவது டோஸ், வேறொரு சுகுணாவின் முதல் டோஸாகப் பேபியின் நம்பரில் உட்கார்ந்திருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊர்ல ஒவ்வொருத்தருக்கும் சான்றிதழ் வந்துச்சா வந்துச்சான்னு கேட்டியே, உன்னுத ஒருவாட்டி பாக்கக் கூடாதா?"

"என் உடம்புல ஊசி கீதுன்னு எனக்குத் தெரியும். பேப்பர எதுக்குப் பாக்கணும்?" என்றாள்.

போனை எடுத்து, பேபியின் நம்பரைச் சொல் என்றேன்.

பேபி மீன் விற்கிறவர். ஆற்றோரம் குடியிருந்தவர், போன வருடம் அவர்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டார்கள். அவர் நம்பருக்கு வரும் ஓ.டி.பி. இல்லாமல் பதிவைத் திருத்த முடியாது, போன் போட்டால் எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஞாயிறு காலை 8.20-க்குத் திருவான்மியூர் நிலையத்தில் பேருந்து பிடித்தோம். எனக்கு டிக்கெட் ரூ.13, சுகுணாவுக்கு இலவசம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது.

வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கட்டடங்கள். கதவு எண் தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு அம்மா நின்று, "நர்சக்கா, இன்னா இந்தப் பக்கம்?" என்றார். அதன்பிறகு எனக்கு வேலையே இல்லை. இரண்டு பேர் வழி காட்டினார்கள், ஒருவர் சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுவது என்று கேட்டார், இன்னொருவர் டீ குடித்தால்தான் விடுவேன் என்றார். அவளோடு நடந்துபோவதே எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்தாம் மாடியில் பேபி கதவைத் திறந்ததும் விஷயத்தைச் சொன்னோம். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஊசி வேணாம்னு ஓடுனவள இஸ்துகினு வந்து போட்டே. இப்ப உன் ஊசிய நான் வெச்சிக்கினு கீறேனா?"

ரீசார்ஜ் செய்யாததால் அவர் நம்பருக்கு எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். கீழே கடையில் ரூ.179 கட்டினேன். 11.05-க்கு ஓ.டி.பி. வந்தது. இரண்டு முதல் டோஸ்களையும் ஒன்றாக்கச் சொல்லி அரசு இணையதளத்தில் கோரிக்கை கொடுத்தோம். சில நாட்கள் ஆகலாம் என்று பதில் வந்தது. எங்களிடம் இருந்ததே சில நாட்கள்தான்.

திங்கள், செவ்வாய், புதன். பட்டறையில் வேலை ஓடவில்லை. அரைமணிக்கு ஒருமுறை போனைப் பார்த்தேன். புதன் இரவு சாப்பிடும்போது சுகுணா, "வரலேன்னா நீ மட்டும் போய்ட்டு வாய்யா, காசு வீணாவுது" என்றாள். சொல்லிவிட்டு, தைத்து வந்த சுடிதாரை மடித்து அலமாரியில் வைத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழன் காலை 7.30-க்கு அடையாறில் ஒரு பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்தோம். ஆளுக்கு ரூ.400. எத்தனையோ பேர் மூக்கில் குச்சி விட்டவள், தன் மூக்கில் விட்டதும் நாற்காலியோடு பின்னால் போய்விட்டாள். அன்று மாலை 4.40-க்குப் புதுச் சான்றிதழ் வந்தது. இரண்டு டோஸ், ஒரே சுகுணா. 6.10-க்குப் பரிசோதனை முடிவு: இருவருக்கும் தொற்று இல்லை. அலமாரியிலிருந்து சுடிதார் மறுபடி வெளியே வந்தது.

வெள்ளி பகல் 12.15-க்கு ஆட்டோ. துறைமுகம் வரை சுமார் பத்து கிலோமீட்டர், ரூ.350. ஓட்டுநர், "அந்தமானா நைனா?" என்று கேட்டார். இல்லை, சும்மா கடலில் போய்விட்டு வருவதற்கு என்றேன். "சும்மா போய்ட்டு வர்றதுக்கா இவ்ளோ பேப்பர் வெச்சிகினு கீறே?" என்றார். நியாயமான கேள்விதான்.

உள்ளே ஆவணம் பார்க்கும் வரிசை நீளம், முக்கால் மணி நேரம் ஆகும். எங்களுக்கு முன்னால் அடையாறிலிருந்து வந்த அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடி பெட்டிக்குள் போய்விட்டது, இது சரியான தாளா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று தன் சான்றிதழை என்னிடம் நீட்டினார். பெயர், தேதி, இரண்டு டோஸ், எல்லாம் சரி. அதன் கீழே ஒரு வரி: ஊசி போட்டவர், சுகுணா.

"எங்கம்மா போட்டுக்கிட்டீங்க?"

"எங்க தெருப் பள்ளிக்கூடத்துல. எனக்கு ஊசின்னா பயம், ரெண்டு தடவை திரும்பிப் போயிட்டேன். அந்தப் பொண்ணுதான் கதை பேசிண்டே போட்டுவிட்டா. முகத்தைக்கூடப் பாக்கலை, மூடிண்டிருந்தா."

"இவதாம்மா" என்றேன்.

சுகுணா முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். அந்த அம்மா அவளையே பார்த்தார். பிறகு கைகூப்பிக் கும்பிட்டார். சுகுணா பதறிப்போய், "ஐயோ, அதெல்லாம் வேணாம்மா" என்று அவர் கையைப் பிடித்து இறக்கினாள். அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. மேஜையில் இருந்த பெண் சுகுணாவின் தாளை இரண்டே நொடி பார்த்துவிட்டு, "ஓகே மேடம், ஏறுங்க" என்றாள்.

கப்பல் நன்றாக இருந்தது. கரை மறைந்ததும் போனில் சிக்னல் போய்விட்டது. சுகுணா முதல் நாள் பதினோரு மணி நேரம் தூங்கினாள்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். சான்றிதழைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பதிவிறக்கிப் பாருங்கள், இரண்டு டோஸும் ஒரே பதிவில் இருக்க வேண்டும். பதிந்த நம்பர் உயிரோடு இருக்கட்டும். பரிசோதனையை முந்தைய நாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். தாளிலும் போனிலும் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே, அந்தச் சான்றிதழில் கீழே ஒரு பெயர் இருக்கும், ஊசி போட்டவர் என்று. என் மனைவி எத்தனையோ பேருக்குப் போட்டும் நானே அந்த வரியைத் துறைமுக வரிசையில்தான் முதன்முதலில் படித்தேன். உங்களுடையதை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். மயிலாப்பூர், அடையாறு பக்கம் போட்டுக்கொண்டவர் என்றால், அது என் பெண்டாட்டியின் பெயராக இருக்கலாம்.