வளையல் போடக் கூடாத கை

ஈராண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி முகூர்த்தத்தில், அரியலூரில் என் மகளின் மாமியார் வீட்டில் அது நடந்தது. மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. சீர்த்தட்டுகளும் கலவைச் சாதங்களுமாக எங்கள் ஊரான குன்னத்திலிருந்து வேனில் போய் இறங்கியிருந்தோம். சடங்கு முடிந்ததும் மகளைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும், அதுதான் முறை.

எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். வாய் ஓயாமல் பதில் சொல்லும் பிள்ளை, புத்தகத்தைக் கையில் எடுத்ததும் ஊமையாகிவிடுவது ஏன் என்று பணிக்காலம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை முறையாகப் படிக்க இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மகளின் திருமணத்துக்காக ஓராண்டு தள்ளிவைத்தேன். இன்னொரு முறை தள்ளினால் இடம் இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். புரட்டாசியில் நான் புறப்பட வேண்டும். மகளுக்குக் கார்த்திகையில் பேறுகாலம். “நீ போம்மா, நான் பாத்துக்கறேன்” என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அவள் புகுந்த வீட்டார் சொல்லவில்லை.

கணவரை இழந்தவள் என்பதால் வளையல் அடுக்கும் பெண்களின் வரிசையில் எனக்கு இடமில்லை. அதை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. என் அண்ணிதான் முழங்கையைத் தொட்டு, “நீ உள்ள போயி சாதத்த எடுத்து வையி” என்றார். போனேன். சமையலறையில் நின்று, கூடத்தில் குலுங்கிய வளையல்களின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது சம்பந்தியம்மாள் உள்ளே கேட்கும்படி குரல் கொடுத்தார். “ஏங்க சம்பந்தி, புள்ளையக் கூட்டிட்டுப் போயி யாருகிட்ட வுடப் போறீங்க? பொட்டி கட்டியாச்சாமே?”

“பேரப்புள்ள எல்.கே.ஜி. சேர்றதுக்குள்ள அம்மாயி காலேஜு சேந்துருது!” என்று யாரோ சொல்ல, கூடம் முழுவதும் சிரித்தது.

“சிரிக்காதீங்கடி” என்று அதட்டினார் சம்பந்தியம்மாள். “அடுத்த வருஷம் படிச்சாத்தான் என்னவாம்? தலப்பிரசவம். தாய் கை இல்லாம எப்படி ஆவும்?”

புளிச்சாதக் கரண்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கூடத்துக்கு வந்து நின்றேன்.

“எந்தக் கைங்க சம்பந்தி? வளையல் போட்டா ஆவாதுன்னு உள்ள நிக்க வெச்சீங்களே, இந்தக் கையா? இதுக்கு ஆவாத கை, பிரசவம் பாக்க மட்டும் எப்படிங்க ஆவும்?”

அண்ணி என் புடவையைப் பின்னாலிருந்து இழுத்தார். என் மகள் மணையிலிருந்து என் பக்கம் கையை நீட்டினாள். “அம்மா, நீயும் போட்டு வுடு.”

கரண்டியை அண்ணியிடம் கொடுத்துவிட்டுத் தட்டிலிருந்து இரண்டு பச்சை வளையல்களை எடுத்துப் போட்டேன். “படிக்கப் போறேங்க. இனி தள்ளி வைக்க மாட்டேன்” என்றேன்.

சம்பந்தியம்மாள் அன்று சாப்பிடவில்லை. நாங்கள் கிளம்பும்போது வாசலுக்கு வந்து, “புள்ள இங்கயே இருக்கட்டும். பிரசவத்த நான் பாத்துக்கறேன். நீங்க தாராளமாப் படிங்க” என்றார். அன்பால் சொன்னதன்று, சினத்தால் சொன்னது. ஆனாலும் சொன்ன சொல்லைக் காத்தார். மகள் இல்லாமல் திரும்பிய வேனில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அழுதேன். முடிவை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

இங்கிலாந்தில் என் வகுப்பில் பெரும்பாலானோர் என் மகளின் வயதினர். முதல் கட்டுரையைத் திருத்தங்களோடு திருப்பிக் கொடுத்தார்கள், மீண்டும் எழுதினேன். பேத்தி பிறந்த செய்தி வந்தபோது நூலகத்தில் இருந்தேன். குளிரில் வெளியே ஓடிவந்து கைபேசியில் காணொளியில் அழைத்தேன். சம்பந்தியம்மாள் குழந்தையைத் திரையருகே தூக்கிப் பிடித்தார். “மூக்கு உங்க மூக்குதான்” என்று மட்டும் சொன்னார்.

இப்போது பெரம்பலூரில், எழுத்தைக் கண்டு மிரளும் பிள்ளைகளின் அருகே அமர்ந்து அவர்களுக்குப் படிக்கக் கற்றுத்தருகிறேன். பேத்தி பிறந்தபோது பக்கத்தில் இல்லாதவள் என்ற பேச்சு உறவினரிடையே இன்னும் ஓயவில்லை. அது உண்மைதான், வலிக்கவும் செய்கிறது. ஆனால் அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை அவர்களில் எவரும் விடை சொல்லவில்லை. அவர்களுடைய விடைக்காக என் வாழ்க்கையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை என்பதை அந்தக் கூடத்தில்தான் கற்றேன்.