தாராவி டீக்கடையில் முள் பேத்தை

தாதரில் டிராமை விட்டு இறங்கித் தாராவிக்கு நடந்து வருவதற்குள் மழை பிடித்துக்கொள்கிறது. செய்யது பாயின் டீக்கடையில் ஒதுங்குகிறேன். கூரையிலிருந்து, பந்துபோல் உப்பி உடம்பெல்லாம் முள்ளாக, ஒரு காய்ந்த மீன் தொங்குகிறது. பாய் கீழக்கரைக்காரர், ஊரில் சங்கு குளித்தவர். அது முள் பேத்தை என்கிறார்.

தோல் பதனிடும் வேலைபார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் டீயோடு சிரிக்கிறார். "தோலைத் தச்சுத் தொங்க விட்டுட்டு, எங்கிட்டயே கதை விடுதீரே பாய்!"

பாய் உள்ளங்கையை விரிக்கிறார். புள்ளி புள்ளியாகத் தழும்புகள்.

"கடலடிப் பவளப்பாறையில ஒரு பெரிய கலவா மீனு இந்தச் சாதியில ஒண்ணைக் கவ்விருச்சு. இது தண்ணியக் குடிச்சு உப்பி, முள்ளை நட்டுக்கிருச்சு. கலவாவால முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. நாந்தான் கையை விட்டு இழுத்தேன்."

"செத்துப்போச்சா?" என்று கேட்கிறேன்.

"எப்படிச் சாகும்? தண்ணியத் துப்பிட்டுச் சின்னதாகி, பாறை இடுக்குல பூந்து போயிருச்சு. இது வேற, கரையில ஒதுங்குனது."

திருநெல்வேலிக்காரர் எழுந்து ஒரு முள்ளைத் தொட்டுப் பார்த்து, விரலைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறார். அப்போது உள்ளே வரும் மராட்டியர் ஒருவர், அது என்னவென்று இந்தியில் கேட்கிறார். பாய் வாய் திறப்பதற்குள் திருநெல்வேலிக்காரர் நெஞ்சை நிமிர்த்தி இந்தியிலேயே பதில் சொல்கிறார்: அது எங்கள் ஊர்க் கடல் மீன், அதை யாராலும் விழுங்க முடியாது.