காலி நாற்காலியை அளந்தவர்

என் அக்காவின் கணவருக்கு வேலை பார்த்த இடத்தில் ‘யுனிவர்சல்’ என்று பட்டப்பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவரோ ஏதோ பட்டமளிப்பு விழாவில் கொடுத்ததைப் போல அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். மின்விசிறிக் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் வரைபடம் போட்டவர். எதைச் செய்தாலும் அது எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும் என்பது அவருடைய வியாதி. எங்கள் சமையலறையில் எல்லாப் பாத்திரத்துக்குமான மூடி ஒன்று இருக்கிறது. மூன்று மடிப்பு, இரண்டு திருகு. அதைத் திருகிச் சரிசெய்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிடும். அக்கா அதை உப்பு டப்பாவுக்கு அடியில் தட்டாகப் போட்டு வைத்திருக்கிறாள்.

ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் ஓயவில்லை. சக்கர நாற்காலி செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று அவரிடம் மாட்டிக்கொண்டது. கையால் உருட்டுகிற எந்த நாற்காலியிலும் பொருத்தக்கூடிய மோட்டார் ஒன்று வேண்டுமாம். இருக்கைக்கு அடியில், பின்பக்கமாக மாட்டினால், அதிலுள்ள ஒற்றைச் சக்கரம் தரையில் ஊன்றி நாற்காலியை முன்னே தள்ளும். கை வைக்கிற கட்டையில் ஒரு பொத்தான். இதைக் கேட்டபோது, அவரை ஒரு நாளும் மதிக்காத எனக்கே ஆசை வந்துவிட்டது. பதினாறு வயதிலிருந்து நான் சக்கர நாற்காலியில் இருப்பவள்.

ஆசைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் பரீட்சைக் கேள்வித்தாள் அச்சடிக்கிற அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். தெருமுனையில் இருந்த பழைய கட்டிடம் வரை அக்கா தள்ளிக்கொண்டு வந்து விடுவாள். இப்போது அச்சகம் மேட்டில் கட்டிய புதுக் கட்டிடத்துக்கு மாறுகிறது. கேள்வித்தாள் விவகாரம் என்பதால் கேட்டைத் தாண்டி வெளியாள் யாரும் நுழையக் கூடாது. கேட் அடிவாரத்தில் இருக்கிறது. கட்டிடம் செங்குத்தான சரிவின் உச்சியில் இருக்கிறது.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம்,” என்றார் மேலாளர். “திங்கட்கிழமை எட்டரைக்கு நீங்களா மேஜைக்கு வந்துட்டா வேலை உங்களுக்குத்தான். முடியலேன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்.”

இப்படித் தேனொழுகச் சொல்கிறவர்களைத்தான் எனக்கு முதலில் பிடிக்காது. ஆனால் அவர் சொன்னது நிஜம். பதினோரு வருட வேலை அந்தச் சரிவில் தொங்கிக்கொண்டிருந்தது.

யுனிவர்சல் அளவெடுக்கப் புறப்பட்டார். ஆஸ்பத்திரி, விடுதி, தெரிந்தவர் வீடு என்று பத்தொன்பது வகை நாற்காலிகளை அளந்தார். போன இடமெல்லாம் ஒரே வசனம்: “கொஞ்சம் எறங்கிக்கோங்க, அஞ்சே நிமிஷம்.” ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவரை பெஞ்சில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் அவர் நாற்காலியின் குழாய்களைக் கொஞ்சிக்கொண்டிருந்தாராம். அதையும் பெருமையாகச் சொன்னார். என்னையும் கட்டிலுக்கு மாறச் சொன்னார்.

“நான் உக்காந்திருக்கும்போதே அளங்களேன் மாமா.”

“நீ இருந்தா குழாய் மறைக்குதும்மா.”

அவருடைய நோட்டில் குழாயின் கனம் மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தது. ஒரு நாற்காலிப் படத்திலும் ஆள் இல்லை.

மோட்டார் தயாரானது. வெள்ளிக்கிழமை ஒத்திகை. கேட்டில் அவரை நிறுத்திவிட்டார்கள். நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, அரை நிமிஷத்தில் மோட்டாரை மாட்டி, காவலாளியிடம் கைக்கடிகாரத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டார். நான் பொத்தானை அழுத்தினேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதுகுக்குப் பின்னால் யாருடைய மூச்சும் கேட்காமல் ஒரு மேட்டில் ஏறியது எனக்கு அதுதான் முதல் தடவை. அழுதுவிட்டேன்.

அழுகை, மாடியிலிருக்கிற என் மேஜைக்குப் போகிற லிஃப்ட் வரைதான். மோட்டார் பின்னால் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்ததால் கதவு மூடவில்லை. கழற்றி ஓரமாக வைத்தால் தீர்ந்தது. ஆனால் கழற்றுகிற பூட்டு நாற்காலியின் பின்பக்கம், அடியில் இருந்தது. இடக் கையை விட்டேன், வலக் கையை விட்டேன், தோள் கழன்று வருகிற அளவுக்கு வளைந்தேன். எட்டவில்லை. அன்று கட்டிடம் காலி. இருபது நிமிஷம் கதவு மூட வந்து, மோட்டாரில் இடித்துத் திரும்பத் திறப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டுக்கு இறங்கி வந்தேன்.

“யாராவது கழட்டி விட மாட்டாங்களா?” என்றார் யுனிவர்சல், ரொம்ப சாதாரணமாக.

அந்த ‘யாராவது’ என்கிற ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். பஸ் நிறுத்தத்தில், வங்கி வாசலில், கழிப்பறைப் படியில் அவருக்காகவே பாதி ஆயுளைக் காத்துக் கழித்திருக்கிறேன். அவருக்கு மேலும் ஒரு வேலை வைத்துவிட்டு வந்திருக்கிறார் எங்கள் மேதை.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு மாறிக்கொண்டேன். “இப்ப நீங்க உக்காருங்க மாமா. உக்காந்தபடியே கழட்டிக் காட்டுங்க.”

அக்கா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவர் உட்கார்ந்தார். கையைப் பின்னால் விட்டுத் துழாவினார். முகம் சிவந்தது, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. பூட்டு அவர் விரலுக்கு ஒரு சாண் தள்ளி நிம்மதியாக இருந்தது.

“உக்காந்துக்கிட்டு மாட்டறதுக்காக நான் இத டிசைன் பண்ணல,” என்றார்.

சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. “ஒங்களுக்கெல்லாம் என்ன செஞ்சாலும் குறைதான்,” என்று எழுந்துபோனார்.

மறுநாள் முன்னறைத் திரைக்கம்பியை அக்கா கழற்றிக் கொடுத்தாள். அதன் நுனியைக் கதவிடுக்கில் வைத்துக் கொக்கியாக வளைத்தேன். மோட்டாரைச் சுவரோரம் வைத்து, நாற்காலியைப் பின்னால் உருட்டி, கம்பியால் பூட்டை இழுத்தால் மாட்டிக்கொள்ளும். தள்ளினால் கழன்றுகொள்ளும். ஞாயிறு மாலைக்குள் கை பழகிவிட்டது. அவர் ஒரு மூலையிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். கடைசியில் வந்து, கம்பியின் நீளத்தை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டு வாசலில் புகைப்படக்காரர் நின்றார். விளம்பரத்தாளுக்குப் படம் வேண்டுமாம். ‘எந்தக் கைக்கும் பொருந்தும் நீட்டுப்பிடி’ என்று அதற்குள் என் திரைக்கம்பிக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது.

“கொஞ்சம் எறங்கிக்கோம்மா, அஞ்சே நிமிஷம்.”

நான் சுவர்ப்பக்கம் உருண்டு, கம்பியைப் பின்னால் நீட்டிப் பூட்டை இழுத்தேன். மாட்டிக்கொண்டது.

“எறங்க மாட்டேன் மாமா. எடுக்கறதா இருந்தா நான் இருக்கும்போதே எடுங்க.”

“நீ இருந்தா மோட்டார் தெரியாதும்மா.”

“தெரியாட்டிப் போகுது.”

பொத்தானை அழுத்தினேன். புகைப்படக்காரர் தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். கேட்டைத் தாண்டி, சரிவேறி, லிஃப்டுக்குப் பக்கத்தில் மோட்டாரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கம்பியை மடியில் போட்டுக்கொண்டு மேலே போனேன். மேஜைக்குப் போனபோது எட்டு இருபத்தேழு. வழியில் அந்த ‘யாராவது’ வந்தாரா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.