தூளிக் கயிற்றில் ஓடிய வைப்பர்

எங்கள் அக்கா கல்லூரியில் சேர்ந்ததற்கு யார் காரணம் என்று கேட்டால், சிலர் அவள் வாங்கிய மார்க்கைச் சொல்வார்கள், சிலர் அவளுடைய டீச்சரைச் சொல்வார்கள். நான் என்னைச் சொல்வேன். ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் இழுத்த இழுப்பில்தான் அவள் திண்டிவனம் போய்ச் சேர்ந்தாள். இதைப் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் கல்யாண வீடுகளிலும் பல வருடங்கள் சொல்லித் திரிந்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறவர்கள்கூட உண்டு.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மரக்காணத்தில் கொஞ்சம் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அம்மாவும், மாமாவின் மனைவியான அத்தையும் அவரோடு வேலை செய்தார்கள். அப்பா உப்பு லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. அந்த வருடம் தை மாதத்தில் மாமா ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். வாங்கும்போது ஹாரன் அடித்துப் பார்த்தார், லைட்டுப் போட்டுப் பார்த்தார், நான்கு டயரையும் உதைத்துப் பார்த்தார். வைப்பரை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. உப்பளத்துக்காரர்கள் மழையை மனதில் வைத்து எதையும் வாங்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் மழை என்ற பேச்சை எடுத்தாலே முறைப்பார்கள்.

எனக்கோ அந்த வைப்பர் ஆடுவதைப் பார்த்தே தீரவேண்டும். எத்தனையோ முறை கெஞ்சினேன். "காஞ்ச கண்ணாடியில போட்டா கோடு விழும் பாப்பா" என்று சொல்லி மாமா சாவியைப் பையில் போட்டுக்கொள்வார்.

அக்காவுக்குத் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கவுன்சிலிங். பத்து மணிக்கு அம்மாவோ அப்பாவோ கூட இருக்கவேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. அன்று முகூர்த்த நாள். உப்பளத்துக்கு வருகிற ஆட்கள் எல்லாரும் அனுமந்தையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். காரில் போகலாம் என்று மாமா முந்தின நாளே கழுவித் துடைத்து வைத்திருந்தார்.

விடிந்து சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கோடையில் அப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் வாரிய உப்பு வரப்பில் அம்பாரமாகக் கிடந்தது. மறுநாள் லாரி வரப்போகிறது என்று கீற்று போட்டு மூடவில்லை.

மாமா காரில் ஏறி வைப்பரைப் போட்டார். கண்ணாடிக்குக் கீழே எங்கேயோ உய்ங் என்று சத்தம் வந்தது. வைப்பர் படுத்த இடத்தில் படுத்திருந்தது. நாலைந்து மாதம் காத்திருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஃப்யூஸ் போயிருக்கும்" என்றார் மாமா. மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவரும் கல்யாணத்தில்தான் இருந்தார். ஸ்பீக்கரில் நாதஸ்வரத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது. "சத்தம் வருதுல்ல? அப்ப ஃப்யூசும் நல்லாருக்குது, மோட்டாரும் நல்லாருக்குது. உள்ள ராடு கழண்டிருக்கும், தொறந்து பாரு."

பானெட்டைத் தூக்கி, கண்ணாடிக்குக் கீழே இருந்த கறுப்பு மூடியைக் கழற்றிப் பார்த்தால், மெக்கானிக் சொன்னது சரி. மோட்டாரையும் வைப்பரையும் சேர்க்கிற ராடு தனியாகத் தொங்கியது. அதைப் பிடித்துவைக்கிற பிளாஸ்டிக் குமிழ் நொறுங்கியிருந்தது. சுற்றிலும் துரு. "உப்புக் காத்து தின்னுட்டுது" என்றார் மாமா. கட்டுக்கம்பியால் சுற்றிப் பார்த்தார். வைப்பர் இரண்டு தரம் ஆடியது, மூன்றாவதில் கம்பி தெறித்தது. மறுபடி சுற்றினார், மறுபடி தெறித்தது. ரோட்டில் போன பஸ்கள் கல்யாணக் கூட்டத்தோடு பிதுங்கிக்கொண்டு எங்கள் நிறுத்தத்தில் நிற்காமலே போயின.

கடைசியில் மாமா கையைத் துடைத்துக்கொண்டார். "கார் போவாதுக்கா. இந்த மழையில ரோடே தெரியாது" என்றார். அக்கா சர்ட்டிபிகேட் பையை மடியிலிருந்து எடுத்துப் பெட்டி மேல் வைத்தாள். மாமா லுங்கியை மடித்துக் கட்டி, மூலையில் சுருட்டிக் கிடந்த தார்ப்பாயைத் தோளில் தூக்கினார்.

எனக்கு அப்போதுதான் தூளி நினைவுக்கு வந்தது. அத்தையின் கைக்குழந்தையைத் தூங்கவைப்பது என் வேலை. தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, தூரத்தில் படுத்துக்கொண்டு காலால் இழுத்து ஆட்டிவிடுவேன். ராடு கழன்ற வைப்பரைக் கையால் தள்ளினால் நகர்கிறது. அப்படியானால் கயிற்றால் இழுத்தாலும் நகரும். தூளிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிப்போய் வைப்பரில் கட்டி இழுத்தேன். வந்தது. வந்த இடத்திலேயே நின்றது. தூளி தானாகத் திரும்பி வரும், வைப்பர் வராது. மறுபக்கம் இன்னொரு கயிறு வேண்டும். அந்த இரண்டாவது கயிறு என் யோசனையா அக்காவின் யோசனையா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை தகராறு. அது அவளுடைய பாவாடை நாடா என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து இடது ஜன்னல் வழியாக ஒரு கயிற்றைப் பிடித்தாள். நான் மாமாவின் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வலது ஜன்னல் வழியாக இன்னொன்றைப் பிடித்தேன். அவள் இழுத்தாள், நான் இழுத்தேன். கண்ணாடி பளிச்சென்று தெளிந்தது.

மாமா தோளில் தார்ப்பாயோடு வாசலில் நின்று பார்த்தார். வைப்பரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என் அறிவைக் கண்டு அசந்துபோய்விட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் தார்ப்பாயை இறக்கி அத்தையிடம் கொடுத்தார். "முடிஞ்ச வரைக்கும் மூடு" என்றார்.

"புள்ளைய பக்கத்து வீட்ல வுட்டுட்டு நான் பாத்துக்கறேன். நீங்க கெளம்புங்க" என்றாள் அத்தை.

வழியெல்லாம் அம்மா உப்பு வாருகிறவளின் கணக்கில் ஒரே சீராக இழுத்தாள். அவள் "ம்" என்றால் நான் விடவேண்டும், நான் "ம்" என்றால் அவள் விடவேண்டும். பாதி வழியில் என் உள்ளங்கை எரிந்தது. அக்கா கயிற்றை வாங்க வந்தாள், நான் கொடுக்கவில்லை. உப்பளங்களைத் தாண்டும்போது மாமா ஓட்டிக்கொண்டே, பின்னால் இருப்பதைக் காட்டுகிற மேல் கண்ணாடியை அடிக்கடி பார்த்தார். பின்சீட்டில் இருக்கிற என்னைத்தான் பார்க்கிறார் என்று நான் இன்னும் வேகமாக இழுத்தேன். "மெதுவா பாப்பா, கயிறு அறுந்துடும்" என்றாள் அம்மா.

பத்து மணிக்குச் சில நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். அக்காவுக்கு இடம் கிடைத்தது.

திரும்பி வரும்போது வெயில் அடித்தது. மாமா நேராக உப்பளத்துக்குத்தான் காரை விட்டார். காலையில் ஆள் உயரம் இருந்த அம்பாரம் என் முழங்காலுக்கு வந்திருந்தது. தார்ப்பாயின் பாதி உப்பை மூடியிருக்க, மீதிப் பாதி காற்றில் படபடத்தது. அதன் முனையைப் பிடித்துக்கொண்டு அத்தை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள். அம்மா காரைவிட்டு இறங்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கெடச்சிட்டுது" என்றார் மாமா.

"என்ன குரூப்பு?" என்று கேட்டாள் அத்தை.

"கெமிஸ்ட்ரி."

அத்தை தலையை ஆட்டினாள், சிரிக்கவும் செய்தாள். நான் ஓடிப்போய், சிவந்துபோன என் உள்ளங்கைகளை அவளிடம் நீட்டினேன். அவள் இரண்டிலும் மாறி மாறி ஊதிவிட்டாள். தார்ப்பாயைப் பிடித்திருந்த அவளுடைய கை எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அக்கா இப்போது ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறாள். மாமா இன்றைக்கும் யாராவது வந்தால் என்னைக் கூப்பிட்டு, "இவதான் அன்னைக்கு வைப்பர ஓட்டனவ" என்று பெருமையாகச் சொல்வார். கயிறு, நாடா, மெக்கானிக், நாதஸ்வரம் எல்லாம் அந்தக் கதையில் வரும். தார்ப்பாய் மட்டும் வராது.

போன மாதம் நான் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கப் போனேன். மாமாவும் கூட வந்தார். மற்ற எதையும் பார்ப்பதற்கு முன்னால் அவர் வைப்பரைப் போட்டார். அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று வைப்பர் ஓடாதது மாமாவுக்கு எவ்வளவு நல்ல சாக்கு. கார் போகாது என்று அவர் சொன்னது உண்மை. உப்பை மூடப் போயிருந்தால் அம்மாகூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டாள். அந்தச் சாக்கைத்தான் நான் ஒரு தூளிக் கயிற்றோடு வந்து பிடுங்கிவிட்டேன். கயிறு தாங்காது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வண்டியை எடுத்தார். என் மாமாவைப் போல ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

அன்று அந்த மேல் கண்ணாடியில் அவர் பார்த்துக்கொண்டே வந்தது என்னை இல்லை.