சுவான்சோக்காரி வைத்த பூ

நாகேஸ்வரி பாரிஸில், லா ஷப்பல் பூக்கடை ஒன்றில் பூ கட்டுகிறாள். எத்தனையோ கல்யாண மாலைகள் அவள் கையால் போயிருக்கின்றன. புருஷன் இராஜதுரை இறந்தபின் அவள் தலையில் மட்டும் பூ ஏறவில்லை. வைக்காதே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நம் சனத்துக்கு ஒரு பார்வை போதும்.

கடைக்கு மல்லிகை வாங்க லின் வருவாள். சீனத்துக் கடலோர நகரமான சுவான்சோவை ஒட்டிய மீனவக் கிராமத்தில் பிறந்தவள். அங்கே பெண்கள் கொண்டையைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூ வைப்பார்கள், கிழவிகள்கூட. ஒருகாலத்தில் தமிழ் வணிகர்கள் கப்பலேறிப் போய் அந்த நகரத்தில் சிவன் கோயில் கட்டினார்கள். அதன் கற்கள் இன்னும் அங்கே இருப்பதால் நாகேஸ்வரி தனக்குச் சொந்தம் என்பாள் லின், உடைந்த பிரெஞ்சில். அவளும் புருஷனை இழந்தவள்தான். பூவை விடவில்லை.

மகள் லக்ஷனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, தானே மணவறையில் நின்று மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டுமென்று நாகேஸ்வரி ஆசைப்பட்டாள். மகளிடம் கேட்கவில்லை. இங்கே பிறந்து, படித்து, பெண்ணுரிமை ஊர்வலங்களில் பதாகை பிடித்த பிள்ளையிடம் இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்று நினைத்துவிட்டாள், பாவி.

கல்யாணத்தன்று, பாரிஸ் புறநகரான பொபினியில் மண்டபத்தின் பின்னறையில் லின் அவளுக்குப் பூ வைத்து முடிக்கும்போது லக்ஷனா உள்ளே வந்தாள்.

"அம்மா, என்ன இது? கழட்டுங்கோ."

"இண்டைக்கு நான்தான் பிள்ளை உன்ர கையைப் பிடிச்சுக் குடுக்கப்போறன்."

"மாமியாக்கள் எல்லாம் வந்திட்டினம். சித்தப்பாவும் சித்தியும் குடுக்கட்டும். தாலி கட்டும்வரைக்கும் நீங்கள் இஞ்சையே இருங்கோ."

வீட்டில் எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிற பிள்ளை இதை மட்டும் நல்ல தமிழில் சொன்னாள்.

"ஓம்" என்றாள் நாகேஸ்வரி. கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். அவள் அழவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். விக்கி விக்கி அழுதாள்.

ஒன்றும் விளங்காமல் லின், தன் கொண்டையைச் சுற்றிய பூ அடுக்கோடு மண்டபத்துக்குள் போனாள். சனம் அவளைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தது. அவளுக்குப் புருஷன் இருக்கிறானா என்று ஒருவரும் கேட்கவில்லை. தாலி ஏறியதும் லக்ஷனாவும் இறங்கி வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள், அந்தப் பூ கொள்ளை அழகு என்றாள். கதவிடுக்கில் நின்ற நாகேஸ்வரிக்கு எல்லாம் தெரிந்தது.