மருதப்பனின் சுத்தமான குழல்

மருதப்பன் எந்தக் குழாயைப் பார்த்தாலும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கரும்புச் சாறு வாங்கினால் உறிஞ்சுகுழலுக்கும் இந்தச் சோதனை உண்டு. கல்யாணமான புதிதில் இதைப் பார்த்த லீலா, மனுஷனுக்குப் பார்வைக் கோளாறு என்று நினைத்தாள். கோளாறு பார்வையில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இளவயதில் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இருந்தபோது ஒரு சார்ஜண்ட் இவருடைய துப்பாக்கிக் குழலில் தூசியைக் கண்டுபிடித்து, வார விடுமுறையைப் பிடுங்கிக்கொண்டாராம். அந்த சார்ஜண்ட் இப்போது எங்கோ பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருப்பார். மருதப்பன் மட்டும் இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

வேலை, லிஃப்ட் பராமரிப்பு மேற்பார்வை. சனிக்கிழமையானால் துப்பாக்கி சுடும் கிளப். துப்பாக்கியைப் பொங்கோலில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அது கிளப்பின் பூட்டிய அறையிலேயே இருக்கும். இப்படி ஒரு விதியைப் போட்டவர்கள் பெயரில் ஓர் அர்ச்சனை செய்யலாமா என்று லீலா யோசித்ததுண்டு.

ஆண்டுதோறும் கிளப் அணி மலேசியாவின் ஜோகூருக்குப் போட்டிக்குப் போகும். மருதப்பன் ஒருமுறைகூடப் போனதில்லை. இந்த முறை ஒரே ஓர் இடம் காலி. அதற்கு இவரும் இருதயராஜும் போட்டி. இது நழுவினால் இனித் தன் வயதுக்கு வாய்ப்பில்லை என்று சொல்லிச் சொல்லியே, துப்பாக்கிக்குப் புதுக் குழல் ஒன்றை வரவழைத்தார்.

புதுக் குழலைப் பழக்க வேண்டும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். ஒரு குண்டு சுடு, துடை. மறுபடி சுடு, மறுபடி துடை. அதெல்லாம் வெட்டி வேலை என்று அதற்குக் கீழேயே இன்னொருவர் எழுதியிருந்தார். மருதப்பன் கெட்டிக்காரர், தனக்குப் பிடித்தவரோடு படிப்பை நிறுத்திக்கொண்டார். லீலாவின் பருத்திச் சேலைகள் ஒவ்வொன்றாகத் துண்டு துண்டாகிக் கிளப்புக்குப் போயின. துடைத்த துண்டுகளைப் பையில் போட்டு எடுத்துவந்து, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி விரித்துக் காட்டுவார்.

"பாரு லீலா, கறுப்பு கொறைஞ்சிருக்கு."

"நம்ம பொண்ணு திவ்யா பொறந்தப்ப ஒரு நாப்கின் மாத்துனீங்களா நீங்க?"

"அது வேறலா."

இருதயராஜ் அவரைவிட இளையவர், வேறு ரகம். அவர் குழல் துடைப்பதைப் பார்த்தவர்கள் கிளப்பில் குறைவு. "கொஞ்சம் அழுக்கு இருந்தாத்தாண்ணே அது ஒரே மாதிரி சுடும்" என்பார். குறியும் தப்பாது. அது வெறும் குருட்டு அதிர்ஷ்டம் என்பது மருதப்பன் கட்சி.

தேர்வுச் சுற்று விஜயதசமியன்று வந்து வாய்த்தது. முந்தின நாள் ஆயுத பூசை. மருதப்பன் சும்மா இருப்பாரா? லீலாவையும் இழுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனார். குழலைக் கண்ணாடியாகத் துடைத்து, உள்ளே எண்ணெய் விட்டு, துப்பாக்கிக் கட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் அலீம் தன்மையான மனிதர்.

"பொட்டு வைங்கண்ணே. சூடம் மட்டும் வேணாம்லா, உள்ள வெடிமருந்து இருக்கு."

கும்பிட்ட ஆயுதத்தை மறுநாள்வரை தொடக்கூடாது. தொடவில்லை.

போட்டி தொடங்குமுன், கணக்கில் சேராத குண்டுகள் சிலவற்றைச் சுட்டுப்பார்க்க எல்லோருக்கும் அனுமதி உண்டு. பக்கத்து இடத்திலிருந்து இருதயராஜ் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, நாலஞ்சு சும்மா போடுங்க. உள்ள இருக்கிற எண்ணெய் போவட்டும்."

"விஜயதசமி அன்னைக்கு மொத குண்டையே வேஸ்ட் பண்ணச் சொல்றியா? மொதல்ல சுடுறது கணக்குல சேரணும்."

"சேரும்ணே. அதான் பயமா இருக்கு."

சேர்ந்தது. முதல் குண்டு இலக்கு அட்டையின் வெளி வட்டத்தில், இடப்பக்கம். இரண்டாவது வலப்பக்கம் எங்கேயோ காற்று வாங்கப் போனது. இன்னும் சில இப்படியே போனபின், எண்ணெய் கழன்று குழலில் அழுக்குப் படியத் தொடங்கியது. அதற்குப் பிறகு சுட்டவையெல்லாம் நடு வட்டத்தில் விழுந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த லீலாவுக்கே கைதட்டத் தோன்றியது. இத்தனை நன்றாகச் சுடுவாரா இவர்? ஆனால் தொடக்கத்தில் சிதறியதை எதனாலும் ஈடுகட்ட முடியவில்லை. ஜோகூர் இடம் மயிரிழையில் போயிற்று.

திரும்பும் வழியில் தேக்காவில் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாள். நாக்கு நுனிவரை வந்த கேலிகளை, அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். அவர் உறிஞ்சுகுழலை மெல்லத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடினார்.

"எண்ணெய் சரியில்ல லீலா. பிராண்டு மாத்தணும்."

விழுங்கியது வீண் என்று அவளுக்குப் பட்டது.

இருதயராஜ் ஜோகூர் போய்விட்டு வந்தார், இன்னும் துடைப்பதில்லை. மருதப்பன் புது எண்ணெய் வாங்கியிருக்கிறார். லீலாவிடம் இப்போது பருத்திச் சேலை இல்லை.